தீபாவளிப் பலகாரம் விற்க, சிரிக்க வைக்கும் வாசகம் எழுதுவது எப்படி?

கேள்வி இதுதான். தாம்பரம் பக்கம் ஒரு வீட்டில் அம்மாவும் மகளும் தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்கிறார்கள். முறுக்கு, ரிப்பன் பக்கோடா, அதிரசம், லட்டு, மைசூர்பாகு, கூடவே தீபாவளி லேகியம். வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் தெருமுனைக் கடையில் ஒட்டும் நோட்டீஸிலும் "இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்! சுத்தமான, சுவையான வீட்டுப் பலகாரங்கள் நியாயமான விலையில்" என்பதைத் தாண்டி எழுத வரவில்லை. படித்தவுடன் சிரிப்பும் வர வேண்டும், ஆர்டரும் வர வேண்டும், என்ன செய்யலாம், சினிமா வசனமோ நடிகர் படம் போட்ட மீமோ போடலாமா என்று மகள் கேட்கிறார்.

உள்ளூர்க் கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதுவது என் தொழில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் வாசகத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதில் தீபாவளி என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பொங்கல் என்று போட்டுப் பாருங்கள், அப்படியே பொருந்தும். கிருஷ்ண ஜெயந்தி என்று போட்டாலும் பொருந்தும். எல்லாப் பண்டிகைக்கும் பொருந்துகிற வரி எந்தப் பண்டிகையையும் கண் முன்னால் கொண்டுவராது. படிக்கிறவருக்கு "அட, எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று தோன்ற வேண்டும், சிரிப்பு அதற்குப் பிறகுதான் வரும். எனவே எதுகை மோனையைத் தேடும் முன், தீபாவளி வாரத்தில் ஒரு வீட்டுக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதியதில் நன்றாக ஓடிய வரிகள் எல்லாம் அந்த மாதிரித் தாளிலிருந்து வந்தவைதான்.

விடியும் முன்னே எழுப்பிவிடுவது. உச்சந்தலையில் நல்லெண்ணெய், கண்ணில் சீயக்காய். புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள். வெறும் வயிற்றில் லேகியம். பலகார டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைப்பதும், அது எப்படியோ எட்டிவிடுவதும். பக்கத்து வீட்டுக்கு அனுப்பிய தட்டு வெறுமனே திரும்பாமல் அவர்கள் வீட்டுப் பலகாரத்தோடு வருவது. ஜாக்கெட் இன்னும் தைத்து முடியவில்லை. போனஸ் இன்னும் வரவில்லை. ஊருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. சரியாக அன்றைக்கென்று பார்த்து மழை.

இதில் எதை எடுத்தாலும் வரி வரும். டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள்:

"டப்பாவைப் பரணில் ஒளித்து வைக்கலாம். வாசனையை எங்கே ஒளிப்பீர்கள்?"

தட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

"போன தீபாவளிக்கு எதிர் வீட்டிலிருந்து வந்த லட்டு ஞாபகம் இருக்கிறதா? இந்த முறை அவர்கள் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்."

லேகியத்துக்கு இது:

"தீபாவளி அன்றைக்கு வாயில் விழும் முதல் இனிப்பு காரமாக இருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய். அம்மா கிளறியது."

லேகிய வரியில் பெரிய வேடிக்கை எதுவும் இல்லை. ஆனால் குளித்துவிட்டு வந்து உள்ளங்கையை நீட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய ஒவ்வொருவரும் அதைப் படித்துச் சிரிப்பார்கள். விளையாட்டு வாசகம் என்றால் சொல் விளையாட்டு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் சொல்லாத கோணத்தில் சொன்னாலே போதும்.

சொல் விளையாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழில் அதற்கு என்ன பஞ்சம்? ஆனால் அந்த விளையாட்டு, விற்கும் பொருளோடு ஒட்டியிருக்க வேண்டும். ஐப்பசி என்றால் வடகிழக்குப் பருவமழைக் காலம். தீபாவளிக்கு மழை வருமா என்பது சென்னையில் வருஷாவருஷம் இருக்கிற கவலை. மழையில் பட்டாசு நமத்துப்போகும். முறுக்கின் எதிரியும் அதே நமப்புத்தான். அங்கே ஒரு வரி இருக்கிறது:

"மழையில் பட்டாசு நமத்தால் என்ன? முறுக்கு நமக்கு!"

இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கண்ணால் படிப்பதைவிடக் காதில் விழும்போது நன்றாக இருக்கும். அதன் கீழேயே "காற்றுப் புகாத பாக்கெட்டில், மொறுமொறுப்பு போகாமல்" என்று போட்டுவிட்டால் விளையாட்டும் சரக்கும் ஒன்றாகிவிடும். ஆனால் நிஜமாகவே காற்றுப் புகாதபடி பேக் செய்தால் மட்டும் இப்படி எழுதுங்கள். மூன்றாம் நாள் முறுக்கு வளைந்தால் அந்த வரியையே உங்களிடம் திருப்பிச் சொல்வார்கள்.

இன்னொன்றும் செய்தித்தாளிலிருந்தே கிடைக்கும். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அதிலிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு அறிவித்துவருகிறது. அதை வைத்து:

"பட்டாசுக்குக் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம். முறுக்குக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை."

இதைத் தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்னால் போடுங்கள். நேர அறிவிப்பு எல்லார் போனிலும் சுற்றும் நேரம் அது. அந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் யார் வாங்குகிறார்கள்? பெரும்பாலும் வீட்டில் செய்து பழகிய, இந்த வருஷம் செய்ய நேரம் இல்லாத பெண்கள். அவர்கள் மனசில் ஒரு உறுத்தல் இருக்கும். மாமியார் என்ன சொல்வாரோ, அம்மா இருந்தால் இப்படி வெளியில் வாங்க விடுவாரா, அடுப்பில் எண்ணெய்ச் சட்டியே வைக்காமல் ஒரு தீபாவளியா என்று. தமிழ்ப் பத்திரிகைகளின் தீபாவளி ஜோக்குகள் பல தலைமுறையாக இந்தப் பெண்ணைத்தான் கேலி செய்துவந்திருக்கின்றன. மைசூர்பாகை உடைக்கச் சுத்தியல் தேடும் கணவன், மனைவியின் முறுக்கைக் கடித்துப் பல் போன மாப்பிள்ளை. கைக்கு உடனே வருவது இந்த ஜோக்குகள்தான், அதனால்தான் ஆபத்து. "உங்கள் மைசூர்பாகு கல்லா? எங்களிடம் வாங்குங்கள்" என்று எழுதினால், காசு எடுத்துக் கொடுக்கப்போகிறவரையே குத்திக்காட்டுகிறோம். அவர் சிரிக்க மாட்டார், வாங்கவும் மாட்டார்.

மாறாக, அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். அந்த உறுத்தலைத் தெரிந்தவராகப் பேசுங்கள்:

"பாகு காய்ச்சுவதும் முறுக்குப் பிழிவதும் எங்கள் பாடு. 'நான்தான் செஞ்சேன்' என்று சொல்வது உங்கள் பாடு. யார் கேட்டாலும் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்."

இதே மாதிரி ஒரு வரியை ஒரு வீட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்தேன். ஆர்டர் கொடுத்த சிலர் "பாக்கெட்டில் பெயர் ஒட்டாமல் தர முடியுமா" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். லேபிளை எடுக்கக் கூடாது, அதில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், செய்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். "எவர்சில்வர் டப்பாவுக்கு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்ற பதிலை அதன் பிறகு நோட்டீஸிலேயே சேர்த்துவிட்டோம். அதற்கும் சிரித்தார்கள்.

தலை தீபாவளியும் இப்படித்தான். மாப்பிள்ளையின் சாப்பாட்டைக் கேலி செய்யும் ஜோக்கு பழசு. பெண் வீட்டாருக்கு அன்றைக்கு இருக்கும் பதற்றம் வேறு. துணி, மோதிரம், விருந்து என்று ஏகப்பட்ட வேலை. "தலை தீபாவளியா? உங்கள் தலையில் ஏற்கெனவே ஆயிரம் வேலை. பலகாரத்தை எங்கள் தலையில் கட்டுங்கள்" என்று எழுதினால் வேலையைக் குறைத்துக் கொடுப்பவராக நீங்கள் தெரிவீர்கள்.

அடுத்து, வேடிக்கை வரியிலேயே ஒரு வேலையையும் சேர்த்து வையுங்கள். அதிரசத்தை வைத்து இதைக் காட்டுகிறேன். வழக்கமாக எழுதுவது "சுவையான அதிரசம், ஆர்டர் வரவேற்கப்படுகிறது". இப்போது அம்மாவிடம் போய், அதிரசம் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊற வைத்து நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் மாவாக்கிவிட வேண்டும். வெல்லப் பாகைத் தண்ணீரில் விட்டால் கையில் உருட்ட வர வேண்டும். பதம் தப்பினால் எண்ணெயில் போட்டவுடன் பிரிந்துபோகும். பாகில் கிளறிய மாவை உடனே சுடக் கூடாது, இரண்டு நாளாவது மூடி வைக்க வேண்டும். சுட்டு எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெய் பிழிய வேண்டும். இதெல்லாம் அவர் சொல்வார்.

அந்த இரண்டு நாள்தான் உங்களுக்கு வேண்டியது. ஆர்டரை ஏன் முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் அதுதான்:

"அதிரசத்துக்கு அவசரம் ஆகாது. பாகில் கிளறிய மாவு இரண்டு நாள் நன்றாகத் தூங்கும். அதுவாக எழுந்த பிறகுதான் எண்ணெய்க் குளியல். அதனால் ஆர்டர் நவம்பர் 3, செவ்வாய்க்குள்."

எண்ணெய்க் குளியல் தீபாவளிக்கு உரியது, அதிரசத்துக்கும் உரியது. படிக்கிறவர் சிரிக்கும்போதே கடைசித் தேதி மனசில் பதிந்துவிடும். "கடைசித் தேதிக்குப் பின் ஆர்டர் ஏற்கப்பட மாட்டாது" என்று கறாராக எழுதினால் அந்தச் சிரிப்பு போய்விடும்.

தேதி பற்றிப் பேசுவதால், இந்த வருஷ நாட்காட்டியைப் பாருங்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் இருக்கிற வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் வெள்ளி ராத்திரியே கிளம்பிவிடுவார்கள். தாம்பரத்தில் இருக்கிற உங்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கத்தில்தான். ஆக உங்களுக்கு விற்பனை முடியும் நாள் சனிக்கிழமை இல்லை, வெள்ளி மத்தியானம். ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு நசுங்காத, கைப்பிடி வைத்த பை ஒன்று தயார் செய்து இப்படி எழுதலாம்:

"கிளாம்பாக்கத்தில் நீங்கள் பஸ் ஏறும் முன் எங்கள் பை உங்கள் கையில் ஏறட்டும். வெள்ளி மத்தியானம் வரை."

ரயில்காரர்களுக்கு இன்னும் முன்னாலேயே வேண்டும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. தீபாவளி நாட்களுக்கு டிக்கெட் நிமிஷத்தில் தீர்ந்துபோகும், பாதிப் பேர் காத்திருப்புப் பட்டியலில் நிற்பார்கள். "ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். எங்களிடம் முறுக்கு கன்ஃபார்ம்." இதை அக்டோபர் நடுவில், ஆர்டர் வாங்கத் தொடங்கும்போது போட்டால் பொருத்தமாக இருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் போட்டால் டிக்கெட் கிடைக்காமல் ஊருக்குப் போக முடியாதவரைச் சீண்டுவதாகிவிடும். வரி ஒன்றுதான், நாள் மாறினால் அர்த்தமும் மாறிவிடுகிறது.

முதல் வாரம் ஆசை காட்டுங்கள், நடு வாரத்தில் காரணத்தையும் தேதியையும் சொல்லுங்கள், கடைசி இரண்டு நாள் வேடிக்கையைக் குறைத்து எங்கே, எப்போது, எவ்வளவு என்பதை மட்டும் சொல்லுங்கள். கையில் நாலு பையோடு நிற்கிறவருக்குச் சிலேடை ரசிக்க நேரம் இருக்காது.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வழக்கம் இருக்கிறது. நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு பாய் பிரியாணி அனுப்புவார், கிறிஸ்துமஸுக்கு எதிர் வீட்டிலிருந்து கேக் வரும், தீபாவளிக்கு நம் வீட்டிலிருந்து பலகாரம் போகும். உங்கள் தெருவிலும் இது இருக்கும். "பெருநாளுக்குப் பிரியாணி எந்த வீட்டிலிருந்து வந்தது? அந்த வீட்டுக்கு ஒரு டப்பா" என்று எழுதிப் பாருங்கள். வாங்க வந்தவர் ஒரு டப்பா கூடுதலாக வாங்குவார், சந்தோஷமாகவே வாங்குவார். விற்பனை உத்தி என்று மட்டும் இதை நான் பார்க்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

அதே தெருவில் இன்னொரு வீடும் இருக்கும். அந்த வருஷம் சாவு நடந்த வீடு. அங்கே தீபாவளி கிடையாது, எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். வாட்ஸாப்பில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முன் பட்டியலை உட்கார்ந்து பார்த்து அந்த எண்களை எடுத்துவிடுங்கள். ஸ்டேட்டஸ் என்றால் அவர்களாகப் பார்த்தால் உண்டு. ஆனால் "இன்னும் ஆர்டர் தரலையா? கோபமா?" என்று ஒரு வேடிக்கைச் செய்தி அந்த வீட்டுப் போனில் போய் விழக் கூடாது. ஊரில் நாலு பேரைத் தெரிந்து வியாபாரம் செய்கிறவருக்கு இது தெரியும், பெரிய கம்பெனியின் தானியங்கிச் செய்திக்குத் தெரியாது. உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது.

சினிமா வசனம், நடிகர் படம் போட்ட மீம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எல்லாக் கடையும் அதையே போடுவதால் எது உங்கள் கடை என்று யாருக்கும் நினைவிருக்காது. சட்டப்படியும் சிக்கல் உண்டு. ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், அவருடைய பெயர், உருவம், வசனம் பேசும் பாணி ஆகியவற்றை அனுமதியின்றி ஒரு படத்தில் பயன்படுத்தத் தடை விதித்தது. வீட்டுப் பலகாரத்துக்கு அந்த வம்பு எதற்கு? உங்கள் அம்மா "எண்ணெய் காய்ஞ்சுதா பாரு" என்று சொல்லும் தொனி எந்த நடிகரிடமும் கிடைக்காது. அதையே ஒரு குரல் பதிவாகப் போடலாம்.

எந்த இடத்தில் விளையாடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது வயிறு. "கெடுப்பதும் நாங்களே, லேகியம் தருவதும் நாங்களே" என்ற வரி எழுதும்போது சிரிப்பாக இருக்கும், ஆனால் சாப்பிடும் பொருளை விற்கிறவர் வயிறு கெடுவதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. லேகியத்துக்கு அது தீரும், இது தீரும் என்று வைத்தியம் சொல்லவும் வேண்டாம். அடுத்தது சர்க்கரை. வெல்லத்தில் செய்ததை "சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று எழுதுகிறார்கள். வெல்லமும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அது வேடிக்கை இல்லை, ஒருவர் உடம்போடு விளையாடுவது. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் கொண்டுவந்த விதிமுறைகளும் இருக்கின்றன. கையில் சரக்கே இல்லாமல் குறைந்த விலையைக் காட்டி ஆளை இழுப்பதும் அதன்படி தவறு. மூன்றாவது விலை. விலையை ஏற்றி எழுதி, அடித்துவிட்டு, தள்ளுபடி என்று போடாதீர்கள். விலை, எடை, தேதி மூன்றும் ஒரு நகைச்சுவையும் இல்லாமல் தனி வரியில் நிற்கட்டும். முடிந்தால் எண்ணிக்கையும் சொல்லுங்கள். அரைக் கிலோ அதிரசம் என்றால் எத்தனை வரும் என்பது பலருக்குப் புரிவதில்லை. எண்ணிப் பார்த்து எழுதினால் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் எவ்வளவு வாங்குவது என்று அவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்று குழம்ப வேண்டாம். நோட்டீஸில் எழுத்துத் தமிழ், அதற்குள் யாராவது பேசுகிற இடத்தில் மட்டும் பேச்சுத் தமிழ் என்று வைத்துக்கொண்டால் படிக்க இதமாக இருக்கும். ஸ்டேட்டஸில் இன்னும் தளர்வாக எழுதலாம். ஒரு படத்துக்கு ஒரு வரி போதும். "மொறு மொறு", "கமகம" மாதிரிச் சொற்களை ஒரு நோட்டீஸில் ஒரு தடவைக்கு மேல் விடாதீர்கள், ஆச்சரியக்குறியையும் அப்படியே. எழுதி முடித்ததும் வீட்டில் உள்ள யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம். சாயங்காலம் பிள்ளைகள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தால் அதைத் தலைப்பில் போடுங்கள்.

தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் இன்னும் ஒரு செய்தி அனுப்புங்கள். பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள். "உங்கள் வீட்டில் எந்த டப்பா முதலில் காலி? காலி செய்தது யார்?" என்று மட்டும் கேளுங்கள். பதில்கள் வரும்: தாத்தா ராத்திரியில் எழுந்து ரிப்பன் பக்கோடா சாப்பிட்டது, லட்டை எண்ணி வைத்தும் குறைந்தது, ஊரில் பெரியம்மா "யார் செஞ்சது?" என்று கேட்டது. அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பெயர் போடாமல் பயன்படுத்திக்கொள்ள அனுமதியும் கேட்டுவிடுங்கள். அடுத்து கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டையும் அப்பமும் விற்கத் தொடங்கும்போது அந்த நோட்டைத் திறந்தால் முதல் வரி அதில் இருக்கும்.